கால்சட்டையை வெட்டியவள்

1

இந்த வருஷமும் கேட்டுவிட்டார்கள்.

யுத்தம் முடிந்ததை நினைத்து எங்கள் தமிழ்ச் சபையில் ஆண்டுதோறும் ஒரு ஸ்தோத்திர ஆராதனை உண்டு. ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தங்களை எப்படிக் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்லுவார்கள். போன ஞாயிறு சபைச் செயலாளரின் மனைவி வந்தாள். சின்னப் பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரர் சயாமுக்குப் போயி உயிரோட திரும்பி வந்தவராமே! அதைவிடப் பெரிய சாட்சி இந்த மலாக்காவிலேயே கிடையாது. இந்தத் தடவையாவது எழுந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

எனக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

அதே வாரத்தில்தான் உங்கள் கடிதமும் வந்தது. நம் ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவம் எழுதி அனுப்ப வேண்டுமாம். 'தேவன் நடத்தின விதம்' என்று தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அந்தத் தலைப்புக்கு எனக்கு எழுத வராது. எழுந்து நின்று சொல்ல முடியாததை உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். போட இஷ்டமிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் சுண்டல் மடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

என் பெயர் ஞானப்பூ. என் வீட்டுக்காரர் சாமுவேல். இங்கே ரப்பர் கம்பெனியில் கிராணியாக இருந்தார், நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. கல்யாணமான கையோடு கப்பலேறி வந்து காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். இன்றைக்கும் அதே வீடுதான். காலையில் அவருக்குக் கஞ்சி வைப்பேன். குடித்துவிட்டு வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மத்தியானம் சாப்பிடுவார், திரும்பவும் உட்காருவார். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், பேச்சு மட்டும் ஒரு ஆள் பேச்சு. ஒரே மகள் ரெபெக்கா கோலாலம்பூரில் டீச்சர். தமிழ் பேசுவாள், பேசாமல் இல்லை. கோபம் வந்தால் இங்கிலீஷ், பயம் வந்தால் மலாய், என்னிடம் ஏதாவது வேண்டும் என்றால் தமிழ்.

2

ஜப்பான்காரன் வந்ததும் எங்களுக்கு முதலில் மாறினது மணி. டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி என்று உத்தரவு போட்டான். கடிகாரம் விடிந்துவிட்டது என்று சொல்லும், வெளியே பார்த்தால் கும்மிருட்டு. அப்புறம் அரிசி போயிற்று. ரேஷனில் கொஞ்சம் அரிசி கொடுப்பான், அதிலும் சுண்ணாம்பு வாடை. மற்றபடி காலையும் மாலையும் மரவள்ளிக் கிழங்குதான். அவித்துத் தின்றோம், அரைத்துத் தட்டித் தின்றோம், கடைசியில் அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

ரெபெக்காவுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிடக் கற்றுக்கொண்டாள். ஜப்பான் பாட்டு ஒன்றை வீடு முழுக்கப் பாடித் திரிவாள். ஞானப்பாட்டு ஒன்று பாடு என்றால் இரண்டு வரியில் நின்றுவிடும்.

அந்த நாளில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை ஜெபக்கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் போல ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் கூடுவோம். அதற்கும் போலீஸில் பெர்மிட் வாங்க வேண்டும். வட்டமாகப் பாயில் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, ஒருத்தி மாற்றி ஒருத்தி வாய்விட்டு ஜெபம் பண்ணுவோம். உண்மையைச் சொல்கிறேனே, ஜெபத்தைவிட நம் ஊர்ப் பேச்சைக் கேட்கத்தான் போவேன். "ஏட்டி, வந்தியா?" என்று யாராவது கேட்டால் போதும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். வாரம் முழுக்க மலாயும் அரைகுறை ஜப்பானும் கேட்டுப் புளித்த காதுக்கு அதுதான் மருந்து.

கூட்டத்தை நடத்தினவள் எஸ்தர் அக்கா, எங்கள் சபை உபதேசியாரின் மனைவி. புக்கிட் பாரு பக்கம் குடியிருந்தாள். பிள்ளை கிடையாது. நெடுநெடு என்று உயரம், வெள்ளைச் சேலை, ஜெபம் என்று வாயைத் திறந்தால் கூரை அதிரும். கெட்டவள் இல்லை. ரெபெக்காவுக்கு மலேரியா வந்து பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, வழியில் காவல் நின்ற ஜப்பான் சென்ட்ரிக்காரனுக்கெல்லாம் குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டு புக்கிட் பாருவிலிருந்து நடந்தே வந்து, என்னைத் தூங்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டவள் அவள்தான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

பிறகு சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ஆள் சேர்த்தார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், கை நிறையச் சம்பளம் என்றார்கள். போனவர் யாரும் திரும்பவில்லை. அதனால் சேர ஆளில்லாமல் போய், பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துத் தமிழர்கள் லாரி லாரியாகப் போனார்கள். அவர்கள் பேரை எழுதவும் உத்தரவை எடுத்துச் சொல்லவும் தமிழ் படித்த ஆட்கள் வேண்டும் என்று ஒரு நாள் ஊருக்குள்ளேயும் வந்தார்கள். வேலைக்குப் போன என் வீட்டுக்காரரைப் போட்டிருந்த துணியோடு ஏற்றினார்கள். உபதேசியாரும் அதே லாரி. எங்கள் ஊரிலிருந்து தம்பின் ஜங்ஷனுக்குப் போகிற தண்டவாளத்தையும் பிடுங்கிச் சயாமுக்கே கொண்டுபோனான். ஆளும் போச்சு, ஆள் திரும்பி வர வழியும் போச்சு என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ரேஷனுக்குப் போனால், குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும் என்கிறான். "அவரை நீங்கதானேய்யா பிடிச்சிட்டுப் போனீங்க?" என்றேன். அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ் என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற சீனத்திதான் என்னை இழுத்து ஓரமாக விட்டாள், இல்லையென்றால் அறை வாங்கியிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை எஸ்தர் அக்கா அழவே இல்லை. "கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்துட்டாரு," என்றாள். "ரெண்டு பேரும் ஒரே லாரியில போனாவ. ரெண்டு பேரும் ஒரே லாரியில வருவாவ. ஞானப்பூ, நீயும் நம்பணும். சந்தேகப்படுதவ கேட்டா ஒண்ணும் கிடைக்காது."

நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

3

எஸ்தர் அக்கா சொன்னதைச் செய்கிறவள். உபதேசியாரின் கட்டிலை நாள் தவறாமல் தட்டிப் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு ஒரு தட்டு வைத்தாள். அவருடைய வேட்டி சட்டைகளை வாரா வாரம் துவைத்தாள். சோப்பு கிடைக்காத காலம், சாம்பல் தண்ணீரில் ஊற வைத்து அலசி, கரிப்பெட்டி போட்டுத் தேய்த்து அடுக்கினாள். போட ஆளில்லாத துணியை எதற்குத் துவைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மெச்சினார்கள். "விசுவாசம்னா அது விசுவாசம்!" என்றார்கள். வீட்டுக்காரர் பிடிபட்டுப் போயிருந்த மற்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். எங்கள் கூட்டத்தில் அது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. துணி தேய்த்து வைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், விசுவாசம் தெரிந்துவிடும்.

என் வீட்டிலும் ஒரு பெட்டி நிறைய அவர் துணி இருந்தது. வெள்ளை டிரில் கால்சட்டைகள், சட்டைகள், கல்யாணக் கோட்டு. நானும் கொஞ்ச நாள் மடித்து மடித்து வைத்தேன். ரெபெக்காவுக்கு மலேரியா வந்தபோது அந்தக் கல்யாணக் கோட்டைச் சீனன் கடையில் கொடுத்துக் கொயினா மருந்து வாங்கினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழங்காகவும் உப்பாகவும் மாறின. கடைசியில் ஒரே ஒரு கால்சட்டை மிஞ்சியது.

துணிப் பஞ்சம் என்றால் உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. கடைகளில் துணியே கிடையாது. பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடையில் வெறும் பலகைதான் இருந்தது. சாக்கைக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் தெருவில் நடந்தார்கள். ரெபெக்காவுக்கு இருந்த ஒரே கவுன் முதுகில் கிழிந்து, தைத்த இடமும் கிழிந்து, ஒரு நாள் இரண்டாகவே போய்விட்டது. பழைய போர்வைத் துண்டைச் சுற்றிக்கொண்டு பிள்ளை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது வாசலுக்கு வந்தால் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பத்து நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

பக்கத்து வீட்டில் காமாச்சி பீபி இருந்தார். மலாக்காச் செட்டி ஜனங்கள், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த ஊரோடு கலந்துபோன தமிழர்கள். பெயர் நம் பெயர், பீபி என்பது மரியாதைக்கு, நெற்றியில் திருநீறு, கட்டுவது சாரோங், பேசுவது அவர்களுடைய மலாய். தமிழ் என்றால் சாமி பேரும் பலகாரத்தின் பேரும்தான் தெரியும். அவரிடம் கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று இருந்தது. கால்சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு, வெட்டலாமா வேண்டாமா என்று நின்றேன்.

"இது யாருடையது?" என்று கேட்டார்.

"அவருடையது."

"வந்தால் கேட்பாரா?"

"வந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்," என்றேன். என் மலாய் அந்த அளவுக்குத்தான் போகும்.

அவர் ஜன்னல் வழியாக, எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற ரெபெக்காவை ஒரு தடவை பார்த்தார். "போத்தோங் சஜா," என்றார். வெட்டு, அவ்வளவுதான் என்று அர்த்தம். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். தான் வெட்டவில்லை. அது ஏன் என்று அப்போது புரியவில்லை. ஒரு பெண் தன் புருஷனின் துணியைத் தானே வெட்டட்டும் என்று நினைத்திருப்பார்.

வெட்டும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் இடுப்பு வந்த இடம், முட்டி வந்த இடம் எல்லாம் துணியில் தெரிந்தது. அழுதுகொண்டே வெட்டினேன். மறுநாள் ரெபெக்காவுக்கு ஒரு வெள்ளைக் கவுன் தயார். கால்சட்டையின் ஒரு பக்கப் பாக்கெட் அப்படியே வேண்டும் என்று அடம்பிடித்தாள், விட்டுவிட்டோம். பிள்ளை அதற்குள் கையை விட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றி வந்தாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

4

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எஸ்தர் அக்கா ரெபெக்காவைக் கூப்பிட்டாள். கவுனைத் தடவிப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது சாமுவேல் தம்பி கால்சட்டைதானே?"

"ஆமாக்கா. பிள்ளைக்குத் துணி இல்லை."

"துணி இல்லன்னா எங்கிட்டக் கேட்டிருக்கணும். என் சேலையக் கிழிச்சுக் கொடுத்திருப்பேன்," என்றாள். கொடுத்திருப்பாள் என்பதும் நிஜம். "உயிரோட இருக்க மனுசன் துணிய எந்தப் பொம்பளையாவது வெட்டுவாளாட்டி? செத்தவன் துணியத்தான் எடுத்துக் கொடுப்பாவ. நீ அவர் செத்துட்டாருன்னு முடிவே பண்ணிட்டியா?"

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் வாய் கொஞ்சம் நீளம், ஊரில் இருந்தபோதே அந்தப் பேர் உண்டு. ஆனால் அன்றைக்குப் பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டதோடு சரி. பிள்ளை பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் பேர் ஜெபக் குறிப்பில் ஏறியது. நம் ஜனங்கள் ஒருத்தரை நேரே திட்ட மாட்டார்கள், கடவுளிடம் சொல்லுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, எங்கள் சகோதரியின் அவிசுவாசத்தை நீர் அறிவீர்" என்று ஒருத்தி. "அவள் கண்ணைத் திறந்தருளும் ஆண்டவரே, அவளாலே அவள் புருஷனுக்குத் தடை உண்டாகாதபடி காத்தருளும்" என்று இன்னொருத்தி, லில்லி டீச்சர். தெரியாத விஷயத்தையா கடவுளுக்குச் சொல்லுகிறார்கள்? எனக்குச் சொல்லுகிறார்கள். நான் நடுவில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆமெனும் சொன்னேன், என்ன கூத்து பாருங்கள்.

என்னாலே அவருக்குத் தடை. அந்த வார்த்தைதான் என்னைப் போட்டுத் தின்றது. சயாம் காட்டில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கு இங்கே நான் வெட்டின கால்சட்டை காரணம். அப்படி இருக்காது என்று மூளை சொல்லும், மனசு கேட்காது. எனக்கு நம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது? பயம் இருந்தது. பயப்படுகிறவள் நம்பாதவள் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது! நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாந்திபேதியில் எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் போயின. துக்கம் கேட்கப் போன பெண்கள் முதலில் கேட்டது, "குடும்ப ஜெபம் ஒழுங்கா நடத்துனியா?" என்றுதான். அந்தம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடல் தாண்டி வரும்போது மிளகாயும் புளியும் கட்டிக்கொண்டு வந்தோம், இதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கே போவது? வேறு எந்த வீட்டில் "ஏட்டி" என்று கூப்பிடுவார்கள்? போனேன். வட்டத்தில் உட்கார்ந்தேன். ஒருத்தி மாற்றி ஒருத்தி ஜெபம் பண்ணி என் முறை வரும்போது எஸ்தர் அக்கா ஒரு பாட்டை எடுத்துவிடுவாள். பாட்டு முடிந்ததும் எனக்கு அந்தப் பக்கம் இருப்பவள் ஆரம்பிப்பாள். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். பிறகு வாரா வாரம் அதே மாதிரிதான். அந்தப் பாட்டைப் பாட எனக்கும் தொண்டை இருந்தது, நானும் கூடச் சேர்ந்து பாடினேன். தனிக் காட்டில் இருந்தால்கூட அவ்வளவு தனிமை தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும் வழியில் மனசுக்குள்ளேயே எஸ்தர் அக்காவோடு சண்டை போடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பி வரட்டும், அன்றைக்கு இவள் முகத்துக்கு நேரே நின்று, "யாருக்கு விசுவாசம் குறைவு? எனக்கா, உனக்கா?" என்று கேட்கிறேனா இல்லையா பார் என்று கருவிக்கொள்வேன். அந்தச் சண்டைதான் அந்த நாளில் எனக்குத் துணை.

5

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். அவன் அடித்த வாழைமரம் போட்ட நோட்டெல்லாம் ஒரே நாளில் குப்பையாயிற்று. சயாமிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறார்கள், தம்பின் வரைக்கும் ரயில், அங்கிருந்து லாரி என்று பேச்சு வந்தது. எஸ்தர் அக்கா லாரி வருகிற நாளெல்லாம் வீதியோரம் போய் நின்றாள். நான் போகவில்லை. வெறும் லாரியைப் பார்த்துத் திரும்புகிற தெம்பு எனக்கு இல்லை.

ஒரு காலையில் நான் பின்கட்டில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ரெபெக்கா யாரையோ விரட்டுகிற சத்தம் கேட்டது. மலாயில், "இல்லை, போ, எங்களுக்கே இல்லை" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிச்சைக்காரன் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாக்குத் துணி, காலில் இலை வைத்துக் கட்டின புண், மேலெல்லாம் எலும்பு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைக் கண்டதும், "ஞானம், இவ வளந்துட்டாளே" என்றார்.

நான் என்ன செய்தேன், எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. காமாச்சி பீபி வீட்டிலிருந்து கஞ்சியோடு ஓடி வந்ததுதான் தெரியும். குளிப்பாட்டினோம். உடுத்த ஒரு முழத் துணி இல்லை. என் பழைய சேலை ஒன்றை இடுப்பில் சுற்றிவிட்டேன். ரெபெக்கா கதவோரம் நின்றுகொண்டு அப்பா என்று கூப்பிட வெட்கப்பட்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் நான் கேட்காமலே சொன்னார். "உபதேசியார் போயிட்டார் ஞானம். அங்க போய்ச் சேந்த முதல் மழையிலேயே. வாந்திபேதி. நான்தான் குழிக்குள்ள இறக்கினேன். அக்காகிட்ட நீ போய்ச் சொல்லிடு. என்னால முடியாது." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சயாமைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது அவ்வளவுதான், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

முதல் மழையிலேயே. அப்படியானால் அக்கா துவைத்த துணி, தேய்த்த சட்டை, தட்டிப் போட்ட கட்டில், அத்தனையும் செத்துப்போனவருக்கா? சாயங்காலம் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டு அவளே வந்துவிட்டாள். மத்தியானம், வெயிலில், தலையில் ஒரு மூட்டை. வாசலில் நின்றுகொண்டே, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். உள்ளே உபதேசியாரின் வேட்டியும் சட்டைகளும், மடிப்புக் கலையாமல்.

"தம்பிக்குக் கட்டிக்க ஒண்ணும் இருக்காதே, நீதான் வெட்டி வச்சிருக்கியே," என்றாள். குத்தல்தான். ஆனால் கொண்டுவந்தது அவள் ஒருத்திதான். "அவிய வந்தா ரெண்டு உருப்படி போதும். மிச்சத்தத் தம்பி போடட்டும்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவிய எந்த லாரியில வாராவளாம்?"

இத்தனை நாள் நான் கருவி வைத்திருந்த சண்டை அங்கே எங்கேயும் காணோம். அவள் கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தேன். "அக்கா, அண்ணன் வரமாட்டாவ. போன வருசமே இல்ல, அதுக்கும் முன்ன. வாந்திபேதி. இவர்தான் கூட இருந்தாரு," என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். அழவில்லை, அலறவில்லை. மடியில் இருந்த சட்டையின் காலரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அதை மடித்து என்னிடம் நீட்டி, "சரி. தம்பிக்கு அளவு சரியா இருக்கான்னு பாரு" என்றாள். எல்லாத் துணியையும் வைத்துவிட்டுப் போனாள். உபதேசியாருக்கென்று ஒதுக்கின இரண்டு உருப்படியையும்.

6

முதல் ஸ்தோத்திர ஆராதனை அதற்குப் பிறகுதான் நடந்தது. கோயில் முற்றத்தில் லில்லி டீச்சர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கே தெரியும் ஞானப்பூ, உன் விசுவாசம் வெளியே தெரியாத விசுவாசம்," என்றாள். "புதுசு கிடைக்கும்னு நம்பித்தானே நீ பழசை வெட்டினே!" நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னாலே அவருக்குத் தடை என்று கடவுளிடம் கோள் சொன்ன அதே வாய்!

அதோடு விட்டார்களா? எஸ்தர் அக்காவைப் பற்றி ஆரம்பித்தார்கள். உபதேசியார் சம்சாரம்தான், ஆனால் பெருமை இருந்ததாம். துணி துவைத்துக் காட்டினது விசுவாசம் இல்லையாம், வீம்பாம். உள்ளே எங்கேயோ ஒரு குறை இருந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரே லாரியில் போன இருவரில் ஒருவர் வருவதும் ஒருவர் வராததும் எப்படி? இப்படி யோசித்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது போல.

அதனால்தான் நான் சாட்சி சொல்ல எழுவதில்லை. என் வீட்டுக்காரரைக் கர்த்தர் காத்தார் என்று நான் எழுந்து சொன்னால், உபதேசியாரை ஏன் காக்கவில்லை என்ற கேள்விக்கும் நானே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். நன்றி இல்லாதவள் என்று இப்போது என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும். தட்டில் கஞ்சியை ஊற்றும்போது ஒரு நாள் தவறாமல் நன்றி சொல்கிறேன், அது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

எஸ்தர் அக்கா அதற்கடுத்த வருஷம் கப்பலேறி ஊருக்கே வந்துவிட்டாள். உங்கள் பக்கம்தான் எங்கேயோ தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. உயரமாக, வெள்ளைச் சேலையில், பின் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவளாக இருக்கலாம். தயவுசெய்து அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அவள் போன பிறகு இந்த ஊரில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

அவள் கடைசியாக வந்த ஒரு வியாழக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் அதற்குள் லில்லி டீச்சர் கைக்குப் போயிருந்தது. எஸ்தர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி மாற்றி ஒருத்தி ஜெபம் வந்தது. நான் முடித்தேன். அடுத்தது அக்காவின் முறை. லில்லி டீச்சர் ஒரு பாட்டை எடுத்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "நிறுத்துங்க," என்றேன். "இப்ப அக்கா முறை." பாட்டு நின்றது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். லில்லி டீச்சர், "அக்காவுக்கு மனசு சரியில்லை, நாமளே அவங்களுக்காக ஜெபிப்போம்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். "கர்த்தாவே, உம்முடைய அடியாளின் உள்ளத்தில் மறைந்திருக்கும் குறையை அவளுக்குக் காண்பித்தருளும்" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்துவிட்டேன். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவளும் மறுக்காமல் வந்தாள். இருவரும் காஜா பெராங் ரோட்டோரமாக வெயிலில் நடந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள். "ஏட்டி ஞானப்பூ, நீ பொய் சொல்ல மாட்ட. உங்கிட்டக் கேக்கேன். என் விசுவாசத்துல குறை இருந்துச்சா?"

"ஒரு குறையும் இல்லக்கா," என்றேன். மனசார அதைத்தான் சொன்னேன்.

"அப்படிச் சொல்லாத." என் கையை இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. "குறை இல்லன்னா, நான் அத்தனையும் சரியாச் செஞ்சும் கர்த்தர் கொடுக்க மாட்டேன்னுட்டாருன்னுல்ல ஆகும்? அப்புறம் நான் யார்கிட்டட்டி ஜெபம் பண்ணுவேன்? எனக்கு வேற யாரு இருக்கா? குறை இருந்துச்சுன்னு சொல்லு. அவளுவ சொன்னா எனக்கு ஆங்காரம்தான் வருது. நீ சொன்னா நம்புவேன்."

நான் எத்தனையோ வியாழக்கிழமை இதே ரோட்டில் இந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவள்.

"இருந்துச்சுக்கா," என்றேன். "கொஞ்சம் இருந்துச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்தது.

"அதானே," என்றாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்."